ஐந்து தோட்டாவுக்கு ஒரு மரக்கட்டை

கூசி ஏரி, மிச்சிகன்
ஜூன் 9, 2013

ரெய்னோவுக்கு,

எட்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கோழி கிளறின மாதிரி இருக்கிறதே, அண்ணி எழுதியதுதானா என்று சந்தேகப்படாதே. நான்தான். பாத்திரம் துலக்கும் பஞ்சைப் பேனாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு கைக்கும் முடக்குவாதம். விரல்களை வடக்கே போகச் சொன்னால் கிழக்கே போகின்றன.

போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் இரண்டாவது நிமிஷம் நான் கத்துவேன், மூன்றாவது நிமிஷம் நீ வைத்துவிடுவாய். காகிதம் என்றால் நான் எவ்வளவு கத்தினாலும் நீ கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ மரவேலை செய்கிறவன். எனக்கு ஒரு சாமான் செய்து தர வேண்டும்.

நம் வேட்டைக்காரர் கழகத்தின் நிலவறையில் வியாழன்தோறும் கைத்துப்பாக்கிப் போட்டி நடப்பது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாக அங்கே சுடுகிற வரிசையில் ஏழாவதாக நிற்கிற இடம் என்னுடையது. ஒரு சுற்றுக்கு ஐந்து தோட்டா. அவற்றை மேகசினில், அதுதான் துப்பாக்கியின் பிடிக்குள் செருகுகிற தகரக் கூடு, அதில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் கழுதை மாதிரி எதிர்த்து உதைக்கும். கூட்டின் பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. கட்டைவிரலால் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தோட்டாவை உள்ளே விடுவோம். எனக்கு இப்போது கட்டைவிரல் பெயருக்குத்தான் இருக்கிறது. சுடுகிற ஆள்காட்டி விரல் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. அது எப்படித் தப்பியது என்று டாக்டருக்கே புரியவில்லை.

கழகத்து விதி ஒன்றுண்டு. அவரவர் தோட்டாவை அவரவர் கையால் போட வேண்டும், அடுத்தவர் தொடக்கூடாது. கருவி வைத்துக்கொள்ளலாம். கடையில் விற்கிற பிளாஸ்டிக் கருவிகளில் மூன்று வகை வாங்கிப் பார்த்தேன். மூன்றுக்குமே கட்டைவிரல் வேண்டும். மே மாதக் கடைசிப் போட்டியில், கொடுத்த மூன்று நிமிஷத்தில் என்னால் இரண்டு தோட்டாதான் போட முடிந்தது. மற்ற எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும் கேப்டன் வில்ஹோ என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹில்யா, அக்டோபர் மூணாம் தேதி சீசன் ஆரம்பம். அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிக்கோ. இல்லேன்னா ஏழாம் இடத்த வேற ஆளுக்குக் குடுக்கணும். என்ன முறைக்காத, நானா விதிய எழுதினேன்?" என்றார்.

உன் அண்ணன் ஆர்வோ போன பிறகு எனக்கு வாரத்தில் ஒரே நாள்தான் இருக்கிறது. மற்ற ஆறு நாளும் அந்த வியாழனுக்காகக் காத்திருக்கிறேன். அதுவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வேட்டைக் குடிலில் உன் பாதிப் பங்கை அந்நியனுக்கு விற்றதை நான் மன்னிக்கவில்லை. அது வேறு, இது வேறு. முடியுமா முடியாதா என்று எழுது.

ஹில்யா

*

வில்காக்ஸ், அரிசோனா
ஜூன் 18, 2013

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உறையை ஒரு நாள் முழுக்க வேலை மேசையில் வைத்திருந்தேன். திறக்கப் பயம். வக்கீல் நோட்டீஸாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். படித்ததும் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஆர்வோ அண்ணனை அடக்கம் செய்த அன்று காபி மேசையில் நீங்கள் எல்லோர் முன்னாலும் என்னைச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு இப்போது பதில் எழுதப் போவதில்லை. அந்தச் சாமானைச் செய்கிறேன்.

ஆனால் ஒன்று. துப்பாக்கி விஷயத்தில் நான் மண்ணு. குடிலில் இருபத்திரண்டு வருஷமும் எனக்குத் தோசைக்கல் வேலைதான். "ரெய்னோ துப்பாக்கிய எடுத்தா மான் உக்காந்து வேடிக்க பாக்கும்" என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார். மான் துப்பாக்கியின் தோட்டாவைத் தவிர வேறு எதையும் நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை.

அதனால் எனக்கு உங்களிடமிருந்து நிறையத் தகவல் வேண்டும். முதலில் ஒரு காலி மேகசின் அனுப்புங்கள். ஐந்து தோட்டாவும் அனுப்புங்கள். அப்புறம் சமையலறைத் தராசை மேசையில் வைத்து அதன்மேல் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு உள்ளங்கையால், மணிக்கட்டால், முழங்கைக்குக் கீழே இருக்கிற எலும்பால். ஒவ்வொன்றுக்கும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். வலி வந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், ரோஷத்தில் மேலே போகாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

ரெய்னோ

*

கூசி ஏரி
ஜூன் 27, 2013

ரெய்னோவுக்கு,

தபாலில் தோட்டா அனுப்ப முடியாது என்று தெரியாத ஒரே மிச்சிகன்காரன் நீதான். பெட்டியைக் கொண்டு போனதும் தபால் ஆபீஸ் மார்த்தா, "உள்ள தீப்பிடிக்கிறது, வெடிக்கிறது எதாவது இருக்கா?" என்று கேட்டாள். "இல்லடி, காலிக் கூடுதான். வெடிக்கிறது நான் மட்டும்தான்" என்றேன். மேகசின் இத்துடன் வருகிறது. தோட்டாவை அங்கேயே தேடிக்கொள். கிடைக்காது. போன குளிர்காலத்திலிருந்து ஜனங்கள் பஞ்சம் வந்த மாதிரி வாங்கி அடுக்கிவிட்டார்கள். கடைகளில் என் துப்பாக்கிக்குப் போடுகிற 'பாயிண்ட் இருபத்திரண்டு' ரகத் தோட்டா இருந்த அலமாரியில் தூசிதான் இருக்கிறது. எனக்குப் பழைய இருப்பு கொஞ்சம் உண்டு. அளவு சொல்கிறேன், எழுதிக்கொள். நீளம் சரியாக ஒரு அங்குலம். தடிமன் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. முனை ஈயம், மழுங்கல்.

தராசு விஷயம். கட்டைவிரல் ஒரு பவுண்டு, அதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளங்கை நாலு. மணிக்கட்டு ஏழு. முன்கை எலும்பு இருபத்திரண்டு! இரண்டு தடவை பார்த்தேன், பொய் இல்லை. இத்தனை நாள் எனக்குக் கையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு பவுண்டு இத்தனை நாளும் முழங்கைக்குக் கீழேயே இருந்திருக்கிறது. தராசை அப்படியே வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பதில் எழுதப் போவதில்லை என்று சொன்ன விஷயத்தை நான் எழுதுகிறேன். நீ பங்கை விற்றுவிட்டுக் கிளம்பிய அந்த வருஷம், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், நவம்பர் பதினாலாம் தேதி ஆர்வோ மூட்டை கட்டினார். பூட்ஸ் போட்டுக்கொண்டு கதவுவரை போனார். அப்புறம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். "தம்பி இல்லாத குடில் எனக்கெதுக்குடி?" என்றார். மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். அவர் சாவுக்கு நீதான் காரணம் என்று நான் அன்றைக்குச் சொன்னது அதனால்தான்.

ஹில்யா

*

வில்காக்ஸ்
ஜூலை 25, 2013

அன்புள்ள அண்ணிக்கு,

பெட்டியில் இருப்பதைப் பதறாமல் பிரியுங்கள். வெளியே எடுத்ததும் எடை பார்த்து அசந்துபோவீர்கள். இங்கே வேலியோரம் எல்லாம் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேல மரம் அது. கதவு செய்ய உதவாது, முறுக்கிக்கொண்டு வளரும். ஆனால் காய்ந்துவிட்டால் ஈரத்துக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது. உங்கள் நிலவறையின் ஈரத்தில் மேப்பிள் என்றால் ஒரு வாரத்தில் ஊதிப் பிடித்துக்கொள்ளும். இது பிடிக்காது.

உங்கள் மேகசினைப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சாப்பிடும்போதுகூட எடுத்துப் பார்த்தேன். மடித்த தகரம் ஒன்று, ஸ்பிரிங் ஒன்று, குமிழ் ஒன்று, அவ்வளவுதான். ஆணி இல்லை, திருகு இல்லை. அதை எவன் யோசித்தானோ அவன் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது. முப்பது வருஷமாக அலமாரிக் கதவு செய்கிற எனக்கு இவ்வளவு சிக்கனமாக ஒன்றைச் செய்ய வந்ததில்லை.

செய்முறை இதுதான். கட்டையின் நடுவில் உளியால் ஒரு குழி எடுத்திருக்கிறேன். மேகசினை அதில் நிற்க வையுங்கள். பக்கத்துக் குமிழ் ஒரு மரநாக்கில் மாட்டிக்கொள்ளும். நாக்கு அந்த நீளமான கைப்பிடியோடு சேர்ந்தது. கைப்பிடிமேல் முன்கையைச் சும்மா சாய்த்தால் போதும். ஸ்பிரிங் முழுக்கக் கீழே போய் ஆப்பில் நின்றுவிடும். மேலே சரிவாகச் செதுக்கிய காடியில், அந்த நீளப் பள்ளத்தில், தோட்டாக்களை வரிசையாக உருட்டிவிட்டால் ஐந்தும் தானாக உள்ளே விழும். அதற்கு ஒன்பது பவுண்டு போதும், உங்கள் தராசுக் கணக்குப்படி முன்கையில் இருபத்திரண்டு இருக்கிறது.

தோட்டா இங்கேயும் கிடைக்கவில்லை. நீங்கள் சொன்ன அளவுக்கு பிர்ச் மரத்தில் கடைந்து ஐந்து செய்துகொண்டேன். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளங்கையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு சோதனை செய்தேன். நாற்பது தடவை போட்டேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. டேப்பைக் கழற்றாமலே அன்று முழுக்க இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தினேன். சாவியைத் திருப்ப முடியாமல் வாசலிலேயே நின்றேன். நாலு மணிக்கே டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டேன். நீங்கள் இந்தக் கையோடு ஒரு வீட்டையும் நடத்தி, வியாழக்கிழமை போய் நிற்கவும் செய்கிறீர்கள்.

அண்ணன் பூட்ஸைக் கழற்றியது எனக்குத் தெரியாது.

ரெய்னோ

*

கூசி ஏரி
ஆகஸ்ட் 5, 2013

ரெய்னோ,

உன் மூஞ்சியில் அடிக்கலாம் போல இருக்கிறது. முதலில் நடந்ததைக் கேள்.

சனிக்கிழமை காலை சுட்டுப் பார்க்கச் சரளைக்குழிக்குப் போனேன். வண்டியின் பின்பலகையில் உன் கட்டையை வைத்தேன். அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். முன்கையைச் சாய்த்தேன். கைப்பிடி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. தோட்டாவை உருட்டினேன். ஐந்தும் இரண்டே நொடியில் உள்ளே போயின. நான் அழுதுவிட்டேன். சரளைக்குழியில் தனியாக நின்று, ஐம்பது வயசுக்கு மேல் எவளும் அழக்கூடாத மாதிரி விக்கி விக்கி அழுதேன்.

பிறகு மேகசினைச் செருகிச் சுட்டேன். முதல் தோட்டா போனது. இரண்டாவது வரவில்லை. அடைத்துக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் ஒன்றின் பின்விளிம்பு இன்னொன்றின் பின்விளிம்பில் கொக்கி போட்டு உட்கார்ந்திருக்கிறது. மறுபடி போட்டேன், மறுபடி அடைப்பு. பதினோரு தடவை.

முட்டாளே, 'பாயிண்ட் இருபத்திரண்டு' ரகத் தோட்டாவுக்கு அடியில் வெளியே நீட்டின விளிம்பு உண்டு! தட்டுக்கு இருக்கிற மாதிரி. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய்விட்டால் கீழே இருப்பது மேலே இருப்பதை விடாது. ஒன்றொன்றாகப் போட்டால் விரல் தானாகவே அதைச் சரியாக வைத்துவிடும். உன் கட்டை எல்லாவற்றையும் ஒரே குழியில் கொட்டுகிறது. நீ கடைந்தது தோட்டா இல்லை, பென்சில் துண்டு!

வீட்டுக்கு வந்து அதைச் சுவரில் எறிந்தேன். சுவரில் பள்ளம் விழுந்தது. கட்டைக்கு ஒரு கீறல் இல்லை.

இரண்டு நாள் கழித்து யோசித்துப் பார்த்தால், நானும்தான் விளிம்பைப் பற்றி எழுதவில்லை. முப்பத்தொரு வருஷமாகத் தொடுகிற பொருள், அதைப் போய் யாராவது எழுதுவார்களா? உப்பு கரிக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. தப்பில் பாதி என்னுடையது. மீதிப் பாதிக்கு உன்னைத் திட்டியாகிவிட்டது.

எட்டு வாரம்தான் இருக்கிறது. நேற்று வில்ஹோ கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் கடந்து போனார். கேட்கப் பயந்துகொண்டுதான்.

ஹில்யா

*

வில்காக்ஸ்
ஆகஸ்ட் 19, 2013

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் பட்டறைக் கதவைத் திறக்கவில்லை. மான் துப்பாக்கியின் தோட்டாவுக்கு அடியில் காடிதான் உண்டு, வெளியே நீட்டின விளிம்பு கிடையாது. எல்லாத் தோட்டாவும் அப்படித்தான் என்று நான் பாட்டுக்கு முடிவு கட்டிவிட்டேன். மரவேலைக்காரன் கதவைப் பார்க்காமல் கீல் வாங்கின கதை.

நாலாம் நாள் காலையில் ஊருக்கு வெளியே இருக்கிற வறண்ட ஓடைக்கு நடந்து போனேன். ஊர்க்காரர்கள் தகர டப்பாவை வைத்துச் சுட்டுப் பழகுகிற இடம். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகள் மணலில் கிடக்கும் என்று தெரியும், ஆனால் இவ்வளவு என்று தெரியாது. சூரியன் ஏறியதும் ஓடை முழுக்க மின்னியது. முழங்காலில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அடியில் அந்த விளிம்பு, காகிதத்தைவிடச் சற்றுத் தடிமன். எல்லாக் கூட்டிலும் அதே அளவு. ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, எதிலும் கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சின்ன ஒன்றுதான் என் ஒரு மாத வேலையைத் தோற்கடித்திருக்கிறது. கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது.

ஒரு சட்டைப்பை நிறைய அள்ளி வந்து முனைக்கு பிர்ச் மரம் கடைந்து செருகினேன். இப்போது என்னிடம் விளிம்புள்ள தோட்டா இருக்கிறது.

புதிதாகச் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். ஸ்பிரிங்கை ஒரே இறக்காக இறக்கக் கூடாது. அதனால் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஐந்து படி வெட்டியிருக்கிறேன். ஒரு தடவை முன்கையைச் சாய்த்தால் ஒரு படி. 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு தோட்டாவுக்கு மட்டும் இடம். அது உள்ளே போய்ப் பின்னால் சறுக்கும்போது கீழே இருப்பதன் விளிம்பில் முட்டி, அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. விரல் செய்த வேலையைப் படி செய்கிறது. காடியையும் மாற்றிவிட்டேன். இப்போது அது நடுவில் பிளந்த சந்து. தோட்டா தன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சந்தில் தொங்கும், துணி காயப்போட்ட மாதிரி. புறங்கையால் தட்டினால் வரிசையாக நகர்ந்து வரும். எந்த விளிம்பு என்னை அவமானப்படுத்தியதோ அதுவேதான் இப்போது சுமக்கிறது. இது தோன்றிய நிமிஷம் நான் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறையை இரண்டு சுற்று சுற்றி வந்தேன்.

அண்ணி, குடில் விஷயம். இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன். எனக்கு அந்தக் குடில் ஒருநாளும் பிடித்ததில்லை. குளிர் பிடிக்காது, ரத்தம் பிடிக்காது, வெடிச்சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். பதினெட்டு வயசில் முதல் தடவை போனபோதே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் பிடித்த மாதிரியே போனேன். கடைசியில் சொல்லத் தைரியம் இல்லாமல் விற்றுவிட்டு ஓடிவந்தேன். முதுகுவலி, வறண்ட காற்று என்று சொன்னதெல்லாம் சாக்கு. நான் சொல்லியிருந்தால் அண்ணன் சிரித்திருப்பார். அவரோடு மற்ற மாதங்களில் மீன் பிடிக்கவாவது போயிருக்கலாம். அவர் சாவுக்குக் காரணம் நானா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பூட்ஸுக்குக் காரணம் நான்தான்.

ரெய்னோ

*

கூசி ஏரி
செப்டம்பர் 16, 2013

ரெய்னோவுக்கு,

கட்டை வந்தது. ஒரு வாரம் உனக்கு எழுதாமலே வைத்திருந்தேன். மறுபடி அழுதுவிட்டு மறுபடி ஏமாற எனக்குத் தெம்பில்லை.

சரளைக்குழியில் முதல் நாள் இருபது சுற்று. டக், தட்டு. டக், தட்டு. நூறு தோட்டாவில் ஒன்றுகூட அடைக்கவில்லை. முதல் நாள் இரண்டரை நிமிஷம் பிடித்தது. நேற்று ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. அந்தச் சந்தில் தோட்டா தொங்குவதை நான் எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? சுடாமலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் இவ்வளவு தோட்டா போட்டுத் தீர்த்தவர்கள் இருக்கிறோம், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறவனுக்குத் தோன்றியிருக்கிறது.

இனி நீ எழுதியதற்கு. அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். அந்தக் குடிலில் நான் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஒரே ஒரு ராத்திரிகூட! சீசனில் பொம்பளைக்கு அங்கே இடம் கிடையாது. இந்த மாவட்டத்தில் எந்த ஆம்பளையைவிடவும் நேராகச் சுடுகிறவள் நான், ஆனால் நவம்பர் பதினைந்தாம் தேதி என் வேலை உங்கள் இரண்டு பேருக்கும் மாவுக்குள் இறைச்சி அடைத்துப் பேஸ்டி சுட்டுத் துணியில் சுற்றிக் கொடுப்பது. "நானும் வரட்டுமா?" என்று கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டேன். "அங்க நாத்தமா இருக்கும்டி" என்றார் உன் அண்ணன். அதோடு விட்டுவிட்டேன். உள்ளே ஆறவே இல்லை.

என்னை வரவே விடாத ஒரு குடிலுக்காக, அதைப் பிடிக்கவே பிடிக்காத உன்னோடு எட்டு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன். உன்னைச் சொன்னது தப்பு, ரெய்னோ. ஆர்வோவின் இதயம் அவர் அப்பாவுக்கு இருந்த அதே இதயம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். யாரையாவது சொல்ல வேண்டியிருந்தது.

ஹில்யா

*

(தபால் அட்டை)

வில்காக்ஸ், செப்டம்பர் 25

அண்ணி, உங்கள் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் தனியாக எழுதுகிறேன், இப்போதைக்கு இந்த அட்டை. கட்டையின் மரநாக்கில் மாதம் ஒரு துளி ஆளிவிதை எண்ணெய் விடுங்கள், அதிகம் வேண்டாம். மூன்றாம் தேதி என்ன ஆனது என்று மறுநாளே எழுதுங்கள். சாப்பாடு இறங்கவில்லை. ரெய்னோ.

*

கூசி ஏரி
அக்டோபர் 4, 2013

ரெய்னோவுக்கு,

மறுநாளே எழுதுகிறேன், பார்.

நேற்று எங்களுக்கு எதிர் அணி அயர்ன் பே ஊர்க்காரர்கள். ஏழாம் இடத்தில் உன் கட்டையை வைத்தேன். முதல் சுற்று ஆரம்பிக்குமுன்னேயே அவர்கள் கேப்டன், பெயர் டெனிஸோ என்னவோ, நேராக வந்து நின்றான்.

"இது என்ன? விதியில அவங்கவங்க கையால போடணும்னு இருக்கு. இங்க மரம்ல போடுது?"

"கருவி வச்சுக்கலாம்னும் இருக்கு" என்றேன்.

"கருவின்னா கைக்கு ஒத்தாச. இது கைக்குப் பதிலால்ல இருக்கு."

பன்னிரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் இந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வில்ஹோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் மேகசினை எடுத்துக் கட்டையில் நிற்க வைத்தார், சந்தில் ஐந்து தோட்டாவைத் தொங்க விட்டார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சரி டெனிஸ். மரம் போடுதுன்னு சொன்னீல்ல? போடட்டும். பாப்போம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரெய்னோ, சத்தியமாகச் சொல்கிறேன், பதிமூன்று பெரிய மனிதர்கள் ஒரு நிமிஷம் முழுக்க ஒரு மரக்கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே சமையலறையில் காபி கொதிக்கிற சத்தம் கேட்டது. கட்டை அசையவில்லை. தோட்டா ஐந்தும் அப்படியே தொங்கின.

"என்ன, போடலையே? அப்ப கை வேணும்னுதான அர்த்தம். ஹில்யா, வா, போடு" என்றார் வில்ஹோ.

நான் போட்டேன். ஒருவரும் தங்கள் இடத்துக்குப் போகவில்லை. சுற்றி நின்று பார்த்தார்கள். முன்கையைச் சாய்த்தேன், டக். புறங்கையால் தட்டினேன், உள்ளே போனது. ஐந்து தடவை. ஐந்தாவது உள்ளே போனதும் டெனிஸ் குனிந்து அந்தப் படிகளைப் பார்த்தான். விரலால் தொடப் போனான், பிறகு என்னிடம் "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொட்டான். "யாரு பண்ணது இது?" என்றான். "என் கொழுந்தன்" என்றேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன்.

எல்லாச் சுற்றிலும் தோட்டா போட்டாயிற்று என்று கடைசியாகக் கை தூக்கியவள் நான்தான். வரிசையே எனக்காகக் காத்திருந்தது, ஆனால் ஒரு தடவையும் மூன்று நிமிஷம் தாண்டவில்லை. கூரையை யாரும் பார்க்கவில்லை. அணி நாலு புள்ளியில் தோற்றது. அது என்னால் இல்லை, வில்ஹோவால். கண்ணாடியை அவ்வளவு துடைத்தும் பிரயோஜனம் இல்லை.

கடைசிச் சுற்றில் நான் சுட்ட குறித்தாளை இத்துடன் அனுப்புகிறேன். காகிதம் தபாலில் போகலாம், மார்த்தாவிடம் கேட்டுவிட்டேன். ஐம்பது அடி தூரம். நாலு ஓட்டை கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒன்றாகிவிட்டது, ஒன்று மயிரிழை தள்ளி. ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. உதவாத என் கட்டைவிரலை அதன்மேல் வைத்தால் ஐந்தும் மறைந்துவிடுகிறது.

நவம்பரில் வா. குடிலுக்கு இல்லை, அங்கே நம் இருவருக்கும் வேலை இல்லை. ஒரு வியாழக்கிழமைக்கு வா.

அண்ணி

*

வில்காக்ஸ்
அக்டோபர் 15, 2013

அன்புள்ள அண்ணிக்கு,

நவம்பர் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். சீட்டு எடுத்துவிட்டேன். பதினாலு வியாழன்.

தாளைப் பிரித்ததும் எனக்கு முதலில் புரியவில்லை. ஐந்து தடவை சுட்டது என்றீர்கள், ஓட்டை இரண்டுதான் தெரிந்தது. பிறகு ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். வெளிச்சம் அந்தப் பெரிய ஓட்டை வழியாக வந்தபோது ஓரத்தில் நாலு வளைவு தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது. ஒரே இடத்தில் நாலு தடவை! என் கையில் நூல் பிடித்து, பென்சிலில் குறித்து, பட்டறை மேசையில் அசையாமல் அழுத்தி வைத்துத் துளை போட்டாலும் நாலில் ஒன்று தள்ளிப் போகும். நீங்கள் நின்றுகொண்டு, கையை நீட்டி, பிடிமானம் எதுவும் இல்லாமல், ஐம்பது அடிக்கு அப்பால். அந்தக் கையால். வாழ்நாள் முழுக்க இதை வெறும் வெடிச்சத்தம் என்று நினைத்துக்கொண்டு காதைப் பொத்தியிருக்கிறேன். அந்தக் குடிலுக்கு உங்களை விடாதவர்களில் நானும் ஒருவன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

தாளுக்குச் சீமைக் கருவேலத்திலேயே சட்டம் செய்தேன். கண்ணாடி வெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கண்ணாடிக்காரர் ஆல்வரெஸ் துப்பாக்கி தெரிந்த மனிதர். தாளை வாங்கியவர் கீழே வைக்கவே இல்லை. அவரும் ஜன்னல் பக்கம்தான் போனார்.

"யாரு சுட்டது?"

"எங்க அண்ணி. அறுபத்தாறு வயசு. ரெண்டு கையும் முடக்குவாதம், கட்டைவிரல் வேலையே செய்யாது."

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப தோட்டா யாரு போட்டுக் குடுத்தா?"

கட்டையைப் பற்றிச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது அண்ணி. படி, நாக்கு, விளிம்பு, இரண்டு மாத வேலை, எல்லாம் வந்தது. நான் சொல்லவில்லை.

"யாரும் குடுக்கல. அவங்களேதான் போட்டுக்கிட்டாங்க" என்றேன்.

ரெய்னோ